பல்லால் படம் கேட்டவர்

காதால் கேட்பவர்கள் உலகத்தில் ஏராளம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆடு மாடுகூடக் காதால்தான் கேட்கிறது. பல்லால் கேட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் கிராமபோன் பாட்டுப் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருந்த குச்சி ராவுத்தர்.

அவருடைய அத்தா அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். கடைப் பலகையில்கூட அது கிடையாது. ‘பாட்டுப் பெட்டி, கடிகாரம், தையல் மிஷின் நன்றாகச் சரி செய்யப்படும்’ என்று எழுதி, பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குச்சியின் படத்தை வரைந்து வைத்திருந்தார். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் குச்சி ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன். நன்றாகக் காய்ந்த கருவேலங்குச்சி. யாராவது பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தால் சாவி கொடுத்து, இசைத்தட்டைப் போட்டு, குச்சியின் ஒரு முனையைப் பெட்டியின் மேல் ஊன்றுவார். மறு முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். டாக்டர் கடிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு குச்சியை எடுத்துவிட்டு, "ஸ்பிரிங் தளர்ந்து போச்சுங்க" என்பார். கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்துதான் இருக்கும்.

ஒரு தடவை பெரிய கடைவீதி ஜவுளிக்காரர் ஒருவர் புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பாட்டு கரகரக்கிறது என்று சண்டை பிடித்தார். ராவுத்தர் கால் மணி நேரம் கடித்தார். "பெட்டியில ஒண்ணும் இல்லீங்க. பாடின அம்மாவுக்குத்தான் அன்னிக்கு ஜலதோஷம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை ஒரு வக்கீலின் மோட்டார் வண்டி வழியில் நின்று போக, என்ஜினைச் சுற்றிவிடச் சொல்லி, அதில் குச்சியை ஊன்றிக் கடித்தார். வண்டி ஆடிய ஆட்டத்துக்கு ராவுத்தரும் சேர்ந்து ஆடினார். ஆட்டம் நின்றதும் எந்த இடத்தில் கோளாறு என்று விரலை வைத்துக் காட்டினார். வக்கீல் அன்றிலிருந்து வண்டியை வேறு யாரிடமும் விட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவரைத்தான் எங்கள் டாக்கீஸ் முதலாளி ஒலி மிஷினைக் கவனிக்க வைத்துக்கொண்டார். ‘எங்கள்’ என்கிறேன், எனக்கு அங்கே சொந்தமாக இருந்தது டிக்கெட் கொடுக்கிற ஜன்னலும் ஒரு முக்காலியும்தான். ஊரார் என்னையே ‘டிக்கெட்டு’ என்று கூப்பிடுவார்கள். முப்பதுகளின் நடுவில், படங்கள் புதிதாகப் பேசத் தொடங்கியிருந்த சமயம்.

அதற்கு முன்னால் அதே கொட்டகையில் ஊமைப் படம் ஓடியது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கதையைக் கத்துவார். அந்தக் கத்தல் மெயின்கார்டுகேட் வரை போகும் என்று சொல்வார்கள். காது மந்தமான கிழவர்கள் எல்லாம் சந்தோஷமாக வந்து, எல்லாவற்றையும் கேட்டு, அழுது, சிரித்துவிட்டுப் போனார்கள். பேசும் படம் வந்ததும் கத்துகிறவரை முதலாளி வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். படம் ஊமையாக இருந்த வரைக்கும் கிழவர்களுக்குக் கேட்டது. படம் பேச ஆரம்பித்ததும் அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் சும்மா இருப்பார்களா? "என்ன சொன்னான்?" என்று பக்கத்து ஆளைக் கேட்பார்கள். காது மந்தமானவர் ரகசியமாகக் கேட்பது நாலு பெஞ்சுக்குக் கேட்கும். பக்கத்து ஆள் பதிலைக் கத்துவான். அதைக் கேட்டுப் பின் பெஞ்சுக்காரன் இவனைத் திட்டுவான். கதாநாயகி உயிரை விடும் கட்டத்தில் கொட்டகை சந்தைக் கடையாக இருக்கும். முதலாளி இரைச்சல் பிடிக்காத மனிதர். இரைச்சல் போடாதே என்பதையும் இரைந்துதான் சொல்வார். ஒரு நாள் என் ஜன்னலுக்கு வந்தார்.

"இத பாருய்யா டிக்கெட்டு. கிழவன் எவன் வந்தாலும் மெல்லமா ஒரு கேள்வி கேளு. சரியா பதில் சொன்னாத்தான் டிக்கெட்டு. செவிடனுக்கு இங்க இடம் கிடையாது."

நான் உத்தியோகத்துக்குப் பயந்தவன். கிழவர்கள் வந்தால், "சாப்டாச்சுங்களா?" என்று வாய்க்குள்ளேயே கேட்டேன். இரண்டே நாளில் விஷயம் பரவிவிட்டது. டிக்கெட்டு என்னவோ முணுமுணுப்பான், ‘ஆச்சு’ என்று சொன்னால் உள்ளே விட்டுவிடுவான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நான் கேள்வியை மாற்றி, "எந்த ஊருங்க?" என்று கேட்டேன். "ஆச்சு" என்றார்கள்.

ராவுத்தரின் ரகசியம் எனக்குத் தெரிந்ததும் அந்த வாரத்தில்தான். ஒரு பகல் வேளை, கொட்டகைக்குப் பின்னால் அவர் குந்தியிருந்து கரி அடுப்பில் ஈயப் பற்று வைக்கும் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு பொறி பறந்து அவருடைய கைலியில் பின்பக்கமாக விழுந்தது. புகை வந்தது. "ராவுத்தரே, தீ" என்றேன். அவர் ஏதோ முனகிப் பாடிக்கொண்டே வேலையைப் பார்த்தார். "ராவுத்தரே, கைலி பத்திக்கிட்டுது" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவில் போன ஜட்கா வண்டிக் குதிரைகூடத் திரும்பிப் பார்த்தது. ராவுத்தர் திரும்பவில்லை. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை அவர் முதுகோடு ஊற்றினேன்.

சண்டைக்குத்தான் எழுந்தார். கைலியின் ஓட்டையைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

"எவ்ளோ நேரமா கத்தினீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்குங்க."

அவர் நனைந்தபடியே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். இருபது வயதில் காதில் சீழ் வைத்து இரண்டு காதும் போய்விட்டதாம். வெறுத்துப் போய் ஒரு நாள் ஓடுகிற பாட்டுப் பெட்டி மேல் நெற்றியை முட்டிக்கொண்டாராம். முட்டின மண்டைக்குள் பாட்டு கேட்டதாம். பிறகு பல் வழியாக இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்துக் குச்சிக்கு வந்திருக்கிறார். மனிதர் பேச்சுக்கு உதட்டைப் பார்த்துக்கொள்வார். பாலக்கரையில் எல்லோரும் கடைக்குக் கடை கத்திப் பேசுகிறவர்கள் ஆனதால், ஒருவருக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

"டாக்கீஸ்ல சத்தத்தைப் பார்த்துக்கறவன் செவிடன்னு தெரிஞ்சா முதலாளி அன்னிக்கே அனுப்பிருவாரு. ஊரு சிரிக்கும். கடைக்கும் எவனும் வர மாட்டான். எனக்கு நாலு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க தம்பி. நீங்க யார்கிட்டயும் சொல்லிறக் கூடாது."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. வெத்தலையை அடக்கிக்கிட்டுப் பேசினா உங்க உதடு எனக்கு வெளங்கலீங்க."

அப்போது எனக்குத் தினமும் ஒரு கவுளி வெற்றிலை வேண்டும். மழை வருமா என்று நான் கேட்டால் இவர் முந்தாநாள் வாங்கின ஆணியைப் பற்றிப் பதில் சொல்வதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. வாயில் இருந்ததைச் சாக்கடையில் துப்பினேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு புராணப் படம் வந்தது. மேட்னிக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர், பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம், எழுபது வயதுக்கு மேல், காவிரிப் பாலம் தாண்டி ஜட்காவில் வந்து இறங்கினார். எல்லோரும் அவரைச் சுவாமி என்பார்கள். என் ஜன்னலுக்கு வந்தார். "எந்த ஊருங்க?" என்று முணுமுணுத்தேன்.

"ஆச்சு. தீர்த்தப் பிரசாதமெல்லாம் ஆச்சு" என்றார்.

டிக்கெட் இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அறுபது வருஷமா நித்தியம் பெருமாளைச் சேவிக்கறேன் ஓய். அவர் ஒரு வார்த்தை பேசினதில்லே. இங்கே திருவாய் மலர்ந்து பேசறாராம், ஊரே வந்து கேட்டுட்டுப் போறது. அடியேனுக்கு மட்டும் இல்லேன்னா என்ன நியாயம்?"

நியாயத்துக்கு நான் எங்கே போவேன்? முதலாளி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவாமி திரும்பி நடந்தார். அன்றைக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ராவுத்தர் நின்றிருந்தார். சுவாமியின் உதட்டை அவர் ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார்.

மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. நாலாம் நாள் முதலாளியிடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"முதலாளி, கிழவங்களுக்குப் படம் கேக்க ஒரு வழி பண்ணியிருக்கேன். திரைக்குப் பின்னால ஒலி வர்ற குழாய்க்கு முன்னாடி ஒரு தோல் கட்டி வெச்சிருவேன். சத்தத்துக்கு அது அதிரும். அதிலேருந்து ஒரு கம்பியை விறைப்பா இழுத்து முன் பெஞ்சுக்கு எதுக்கால ஒரு தேக்குப் பலகையில முடிஞ்சிருவேன். பலகையும் அதிரும். பலகையில ஓட்டை. ஓட்டையில குச்சி. குச்சியைக் கடிச்சா படம் கேக்கும்."

"கடிச்சா படம் கேக்குமா? என்னய்யா உளர்றே?"

"அது கேக்கலேன்னாலும் உங்களுக்கு லாபம் முதலாளி. வாயில குச்சி இருக்கும்போது ‘என்ன சொன்னான்’னு எப்படிக் கத்துவாங்க?"

முதலாளிக்கு விஞ்ஞானம் புரியவில்லை, இது புரிந்தது. ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

பலகை வந்தது. பன்னிரண்டு துளை, துளைக்கொரு குச்சி. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் பதினொரு கிழவர்கள் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராவுத்தர் கடித்துக் காட்டினார். எல்லோரும் வாயைத் திறந்தார்கள். ராவுத்தர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஒரு பல்கூட இல்லை.

அவருக்குச் சொந்தமாக முப்பத்திரண்டு பல்லும் கெட்டியாக இருந்தது. கிழவர்களுக்குக் காது போன மாதிரியே பல்லும் போயிருக்கும் என்பது அந்த மகா மேதையின் மூளைக்கு எட்டவே இல்லை. ஈறால் கவ்வினார்கள், வழுக்கிக்கொண்டு போயிற்று. பலகையில் நெற்றியை வைக்கச் சொன்னார். பிரமாதமாகக் கேட்கிறது என்றார்கள், ஆனால் தலையைக் கவிழ்த்தவர்களுக்குப் படம் தெரியவில்லை. நிமிர்ந்தால் படம் தெரிந்தது, கேட்கவில்லை. இரண்டு பேர் கவிழ்ந்த வாக்கிலேயே தூங்கிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் குச்சியை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வேலை செய்யும் என்று ராவுத்தர் மன்றாடினார். "காதே செத்துப் போச்சு, அதுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று ஒருவரும் நம்பவில்லை.

பல் இருந்த நாலு பேருக்கோ வேறு பிரச்சினை. யார் வாயில் வைத்துப் பார்த்த குச்சியோ என்று ஒருவரும் தொடவில்லை. எச்சில் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டு நம் நாட்டில் விஞ்ஞானம் பண்ணக் கூடாது. மறுநாளே ராவுத்தர் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: ‘குச்சி அவரவர் கொண்டு வரவும்.’

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பார்கள். ராவுத்தர் அதைக் காதுக்கும் உறுதி ஆக்கினார். பல் தேய்க்கப் போகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியுமாகப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கிழவர்கள் டாக்கீஸுக்கு வந்தார்கள். பொங்கல் சமயத்தில் ஒருவர் கரும்பைச் செருகி, இடைவேளைக்குள் வசனத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டார். இருட்டில் முன் பெஞ்சைப் பின்னாலிருந்து பார்த்தால் தொட்டியில் வைக்கோல் தின்கிற மாடுகளைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் சத்தம் கிடையாது. முதலாளி முதல் தடவையாகத் தம் கொட்டகையில் ஒரு படத்தை முழுக்கக் கேட்டார்.

சுவாமியை அழைத்துவர ராவுத்தரே ஸ்ரீரங்கம் போனார். அந்த வயதிலும் சுவாமிக்குப் பல் அத்தனையும் இருந்தது. வந்தவர் பலகையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். ராவுத்தரின் காது விஷயம் தெரியாவிட்டாலும் நேருக்கு நேராகப் பேசுகிற மனிதர் அவர். பதில் சொல்லத்தான் ராவுத்தர் அவருடைய காதோரம் குனிந்து கத்த வேண்டியிருந்தது.

"பின்னாடி கட்டியிருக்கறது தோல்தானே?"

"மிருதங்கத்துல கட்டுற தோல்தாங்க சாமி. கோயில்ல வாசிக்கறாங்களே."

"அது சரி. பக்கத்து ஆசாமி எச்சில் கம்பி வழியா வருமோ?"

"சத்தந்தான் சாமி வரும். எச்சில் கம்பியில வர்றதா இருந்தா, பாலக்கரையில தண்ணிக்கு எதுக்குக் குழாய் போடறாங்க?"

சுவாமி யோசித்தார். "கம்பி இரும்புன்னா வேண்டாம். தாமிரம்னா தோஷமில்லே" என்று தீர்ப்புச் சொன்னார். ராவுத்தர் இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டுத் தாமிரக் கம்பி போட்டார். சுவாமி மடித் துணியில் சுற்றிய சொந்தக் குச்சியைச் செருகிக் கவ்விக்கொண்டார். படம் முடிகிற வரை அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் குச்சியை மடித் துணியில் சுற்றிக்கொண்டு ஜட்காவில் ஏறிப் போய்விட்டார்.

கெடுத்தது ஃபிட்டர் பெரியவர்தான். ரயில்வே பட்டறையில் பாய்லருக்குள் உட்கார்ந்து ஆணி அடித்தே காதைத் தொலைத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். வாயில் பல் இல்லை. சோறு தின்ன நாலு வருஷமாகப் பல் கட்டிக்கொள்ளாதவர், படம் கேட்க வேண்டும் என்று சீனாக்காரப் பல் டாக்டரிடம் போய் இரண்டு வரிசையும் கட்டிக்கொண்டார். கட்டின பல் லொடலொடவென்று ஆடியது. குச்சி அதிர்ந்தால் பல்லும் டொக் டொக்கென்று சேர்ந்து தட்டும். மனிதர் வெளியே வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னார்.

"நல்ல படம்தான். ஆனா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் குதிரை வந்துகிட்டே இருக்கு. எங்க இருந்து வருது, எங்க போவுதுன்னே தெரியல."

இது முதலாளி காதுக்குப் போயிற்று. கிழவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா குச்சியைக் கடித்துக்கொண்டு பாவனை செய்கிறார்கள், தம்மை ஒரு ராவுத்தர் ஏமாற்றிவிட்டான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அடுத்த ஞாயிறு காலையில் சோதனை வைத்தார். அன்றுதான் ரயிலில் வந்து இறங்கிய புதுப் படம், யாரும் பார்த்ததில்லை. காலிக் கொட்டகையில் முதலாளி, நான், ராவுத்தர், சுவாமி, ஃபிட்டர், மேலே மிஷின் ஓட்டுகிறவர். அவ்வளவு பேர்தான்.

"ஒரே ஒரு செவிடன், படத்துல என்ன பேசினாங்கன்னு சொல்லட்டும். சொல்லிட்டா பலகை இருக்கும். இல்லேன்னா இன்னிக்கே கழட்டிடணும். கிழவனுங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது" என்றார் முதலாளி.

ராவுத்தர், சுவாமி, ஃபிட்டர் மூவரும் குச்சியைக் கவ்விக்கொள்ள, ஒரு ரீல் ஓடியது. ஒரு ராணி தன்னந்தனியாக நந்தவனத்தில் உட்கார்ந்து அழுதாள். பெருமாள் தோன்றி அவளைத் தேற்றினார். விளக்கைப் போட்டதும் முதலாளி ஃபிட்டரின் காதில் வாயை வைத்துக் கத்தினார். "என்ன கேட்டுது?"

"இதுலயும் குதிரைதாங்க" என்றார் ஃபிட்டர்.

முதலாளி சுவாமியிடம் போனார். சுவாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நன்னாக் கேட்டேன். பெருமாள் பேசினார்."

"என்ன பேசினார்? அதைச் சொல்லுங்க சாமி."

"அது பகவத் விஷயம். கண்ட இடத்துல வெளியிலே சொல்லப்படாது."

"மத்தியானம் ஊரே டிக்கெட் வாங்கிக் கேக்கப் போகுது சாமி. இதுல என்ன ரகசியம்?"

சுவாமி வாயை மூடிக்கொண்டார். நான் அவர் காதில் கெஞ்சினேன். மலைக்கோட்டையை நகர்த்தினாலும் நகர்த்தலாம்; அவரை நகர்த்த முடியவில்லை. முதலாளி பலகையை உதைத்தார். "கழட்டுய்யா" என்றார்.

ராவுத்தர் முதலாளியின் உதட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நாலு பெண் குழந்தைகள் என்று விரலைக் காட்டினேன். அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"முதலாளி, எனக்குக் காது கேக்காது. ராணி பேசினதையும் பெருமாள் பேசினதையும் நான் சொல்றேன்."

முதலாளி சிரித்தார். "நான் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றியே."

"உங்க உதட்டைப் பார்த்துச் சொல்றேனுங்க. இருபது வயசுலேருந்து இப்படித்தான்."

முதலாளி தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, "உன் பேரு என்ன?" என்றார். ராவுத்தர் சும்மா நின்றார். "உன் கடை எங்க இருக்கு?" என்று கத்தினார். ராவுத்தர் சும்மாவே நின்றார். முதலாளியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ராணி என்ன பேசினாள் என்று அவர் கேட்கவே இல்லை. "நீ வாய்யா" என்று என்னை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

அங்கே ஒலிக் குழாய்க்கு முன்னால் ராவுத்தர் கட்டிய தோல் தொங்கியது. முதலாளி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"செவிடனை வெச்சு டாக்கீஸ் நடத்தறேன்னு ஊரு சிரிக்கும். அந்தாளுகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே. நாளைக்கு வேற ஆளைப் பாரு."

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுவாமியின் குரல் வந்தது.

"ஓய் டிக்கெட், வேற ஆளையெல்லாம் நீர் பார்க்கப்படாது."

பின்னாலேயே ஃபிட்டர். "அட, இப்பக் குதிரையே இல்லப்பா. முதலாளி பேசறதுதான் கேக்குது."

நான் திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவாமி வாயில் குச்சி. ஃபிட்டர் கோபத்தில் பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ராவுத்தர் இத்தனை நாள் சொன்னபடி குச்சியைக் காதுக்குப் பின்னால் அழுத்தியிருந்தார். ராவுத்தரும் கடைசியாக ஒரு தடவை பலகையைப் பார்த்துவிடலாம் என்று குச்சியைக் கவ்வியிருக்கிறார். அவர் குச்சியை எடுத்துவிட்டு, திரையைப் பார்த்துப் பேசினார்.

"வேற ஆளைத் தேட வேண்டாம் முதலாளி. நானே போயிடறேன். கம்பியை மட்டும் வுட்டுருங்க. பெரியவங்க கேட்டுட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு, பதிலுக்காகக் குச்சியைத் திரும்பவும் கவ்விக்கொண்டார்.

முதலாளி அசையாமல் நின்றார். நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூன்று செவிடர்கள் அவருடைய ரகசியத்தைக் கேட்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்ற எனக்கே அது சிரமப்பட்டுத்தான் கேட்டது. அவர் தோலை விரலால் தொட்டுப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். பிறகு குனிந்து, தோலுக்கு முன்னால் வாயை வைத்து, கோயிலில் வேண்டிக்கொள்கிறவர் மாதிரி மெதுவாகப் பேசினார்.

"ராவுத்தரே... மேட்னி ரெண்டரைக்கு. லேட்டா வராதீங்க."

அவர் ராவுத்தரிடம் ‘ங்க’ போட்டுப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ராவுத்தரின் பெரிய குரல் வந்தது.

"சரிங்க முதலாளி. உங்க குரல்ல ஒரு கரகரப்பு இருக்கு. சுக்குத் தண்ணி போட்டுக் குடிங்க."

முதலாளி அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுக்குத் தண்ணீரால் போகிற கரகரப்பாக அது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பெஞ்சுக்குப் ‘பல் பெஞ்சு’ என்றே பெயர் வந்துவிட்டது. பல் இல்லாதவர்களுக்கு ராவுத்தர் நீளக் குச்சி செய்து, காதுக்குப் பின்னால் வைத்துத் தலைப்பாகையோடு கட்டிவிட்டார். பெண்கள் பக்கத்துக்கும் ஒரு பலகை போனது. டாக்கீஸின் செவிட்டு மெக்கானிக் என்று ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரித்தவர்களே பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கும் போனார்கள். காதில்லாமலேயே இவ்வளவு கேட்கிறவரிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது? நாலு பெண்களுக்கும் பாலக்கரையிலேயே நிக்காஹ் நடந்தது. நாலுக்கும் நான் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். முதலாளி மட்டும் ராவுத்தரோடு ஏதாவது பேச வேண்டும் என்றால் திரைக்குப் பின்னால் போய்த்தான் பேசுவார். நேரில் பேசும்போது அவருக்குப் பழைய குரல் வந்துவிடும் என்று பயமோ என்னவோ.

ராவுத்தர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் இப்போது அந்தப் பல் பெஞ்சில் உட்கார வேண்டிய வயதுக்கு வந்துவிட்டேன். கல்யாண வீடுகளில் வெற்றிலைத் தட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னாரா என்று கேட்கிறார்கள். இல்லை, பழக்கம் விட்டுப் போச்சு என்கிறேன். அது பொய். சாப்பாட்டுக்குப் பிறகு இப்போதும் நாக்கு வெற்றிலையைத் தேடத்தான் செய்கிறது. ஆனால் என் உதட்டை அவ்வளவு உற்றுப் பார்த்து, நான் சொன்னதை அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்காகத் துப்பியதைத் திரும்ப வாயில் போட எனக்கு மனசு வரவில்லை.